செக்கிங் அக்காவும் லோடின் வயிற்றுப் புள்ளிகளும்

விஸ்வநத்தம் வட்டாரத்தில் செக்கிங் அக்காவின் கைக்குத் தப்பி உள்ளே போனவர் என்று யாரும் கிடையாது. காற்று வேண்டுமானால் போயிருக்கலாம். அதையும் அவர் கேட்டில் ஒரு நிமிடம் நிறுத்தி மோந்து பார்த்துத்தான் விட்டிருப்பார் என்று எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சொல்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயர், ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். மற்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ள முயற்சி செய்ததில்லை. அவருடைய வீட்டுக்காரரே ஒரு நாள் ஆபீஸுக்குப் போன் போட்டு, "செக்கிங் இருக்காகளா?" என்றுதான் கேட்டார்.

காலையில் வேன்களில் வந்து இறங்கும் பெண்களை கேட்டில் வரிசையாக நிறுத்தி, கொண்டையிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. தீப்பெட்டி, போன், ஊக்கு, ஹேர்பின், இரும்புச் சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. நைலான் சேலை கட்டி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். வேலை நேரத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஒரு பொறி போதும்த்தா. அம்புட்டுப் பேரும் ஒண்ணாப் போயிருவோம்" என்பார். அதைக் கேட்ட பிறகு கூச்சப்பட்டு நெளிகிறவளும் நேராக நிற்பாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கைகளுக்குக் கம்பெனி எது, ஊர் எது என்று தெரியாது. அக்காவின் தம்பி மகனுக்கு நிச்சயதார்த்தம். வேனிலிருந்து இறங்கிய சம்பந்தி அம்மாளை அக்கா பாசத்தோடு கட்டிப்பிடித்தார். பிடித்த கை சும்மா இருக்கவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவித் தாம்பாளத்தில் வைத்து, "சாயந்தரம் போகையில வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கைகாட்டி அழைத்தாராம். கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம்.

முதலாளியின் மச்சான் சென்னையிலிருந்து வந்தபோதும் அதுதான் நடந்தது. ஆண்களைப் பார்க்க வேண்டிய வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட, அக்கா குறுக்கே போய் நின்று சட்டைப்பையிலிருந்த லைட்டரை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். "மொதலாளி மச்சான்னா தீ பத்தாதாக்கும்?" முதலாளி அன்று முழுவதும் மச்சானிடமும் பேசவில்லை, அக்காவிடமும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அவரும் கேட்டில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

இந்தக் கேட்டுக்குத்தான் ஒரு நாள் பேப்பர் லோடு இறக்க வந்த லாரியிலிருந்து ஒரு வெள்ளை நாய் குதித்தது. பெட்டை. வயசுக் கணக்கு யாருக்கும் தெரியாது, முகத்தில் மட்டும் லேசாகக் கிழடு தட்டியிருந்தது. லோடோடு வந்ததால் லோடு என்றே பெயர் வைத்தார்கள். நாயெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று போர்மேன் அண்ணாச்சி சத்தம் போட்டார். கம்பெனி சட்டத்தைவிட நாய் பயம்தான் அவருக்கு அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும்.

"செக் பண்ணித்தான அண்ணாச்சி விடுறேன்" என்றார் அக்கா.

உண்மையிலேயே செக் பண்ணினார். காதுக்குள், வாய்க்குள், கழுத்துக் கயிற்றுக்கு அடியில், வயிற்றில், வாலில். கம்பெனிச் சுவருக்கு வெளியே கிடக்கிற பாதி வெடித்த சரத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்தால் யார் பொறுப்பு? லோடும் பெண்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்க மாட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் அது அப்படி மல்லாந்து கிடந்தபோது நான்தான் பார்த்தேன். இளஞ்சிவப்பு வயிறெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள். முன்னங்கால் இடுக்கில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு.

"அக்கா, என்ன இது கறுப்பு கறுப்பா?"

"மருந்துக் கறை புள்ள. இங்கன யாருக்கு இல்ல? என் கையைப் பாரு."

அவர் நீட்டிய உள்ளங்கையின் ரேகைகளிலெல்லாம் சாம்பல் ஏறியிருந்தது. அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேறு ஊரில் தோலில் ஒரு கறுப்பு தெரிந்தால் என்ன ஏதென்று விசாரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் கறுப்பு என்றால் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். நகக்கண், கழுத்து மடிப்பு, காதோரம் என்று பட்டாசு மருந்து எல்லோர் மேலும் ஒட்டியிருக்கும். அதற்காக டாக்டரிடம் போனால் டாக்டரே சிரிப்பார்.

கறை என்று முடிவான பிறகு தேய்க்க வேண்டியதுதானே? அக்கா துணி சோப்பும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டார். தினமும் தேய்த்தார். லோடும் பொறுமையாகக் காட்டிக்கொண்டு கிடந்தது. கறுப்பு போகவில்லை. ஒருத்தி மஞ்சள் என்றாள். ஒருத்தி வேப்பெண்ணெய் என்றாள். வேன் டிரைவர், "வண்டியில வடிச்ச கழிவு ஆயிலை ஒரு தடவு தடவுங்கக்கா, ஒரே நாள்ல போயிரும்" என்றார்.

"ஆயிலா? பட்டாசுக் கம்பெனிக்குள்ள ஆயிலா?" என்று அக்கா அவர் மேல் பாய்ந்தார். நாயின் தோலுக்கு அது ஆகாது என்பது அப்போது அக்காவுக்குத் தெரியாது. தீக்குப் பயந்த பயத்தில் லோடு பிழைத்தது.

தேய்க்கத் தேய்க்கக் கால் இடுக்கில் முடி கொட்டித் தோல் தடித்துப்போனது. ஒரு மாதிரி ஊறிய வாடை அடித்தது. லோடு எந்நேரமும் சொறிந்துகொண்டே இருந்தது. பெண்கள் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள், பிள்ளைகுட்டிகள் உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் அல்லவா? போர்மேன் அண்ணாச்சிக்கு இது போதுமானதாக இருந்தது.

"சொறி நாயி. ஒட்டுவாரொட்டி. சனிக்கிழமை வேன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகுதுல்ல, அதுல ஏத்தி எங்கனயாச்சும் காட்டுல விட்டுருங்க."

ஏழாயிரம்பண்ணைக் காட்டில் அந்த நாய் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த உலகம் எங்கள் கேட்டும் வேப்பமரமும்தான். இரண்டு நாள் கூடத் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நானும் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டேன்.

சாயந்தரம் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "புள்ள, மாட்டாஸ்பத்திரிக்கு எங்கூட வாரியா? அவுக சொல்றது எனக்கு வெளங்கணும்."

மறுநாள் அக்கா லீவு போட்டார். அவர் லீவு போட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் நாயைப் பார்த்துத் தயங்க, லோடைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளவயதுப் பெண். வெள்ளைக் கோட்டில் இரண்டு பெரிய பைகள். அக்காவின் கைகள் தானாக எழும்ப, நான் பிடித்து அமுக்கினேன்.

டாக்டர் மேஜை விளக்கைத் திருப்பி வைத்து நிதானமாகப் பார்த்தார். வயிற்றுப் புள்ளிகள் மேல் விரலை ஓட்டினார்.

"இது கறை இல்லம்மா. தட்டையா, வழவழன்னு இருக்கு பாருங்க. நமக்கு மச்சம் மாதிரி. வயசாக ஆக நாய்க்கு இப்படி வரும். பெருசாகாம, அரிக்காம இருந்தா பயப்பட வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கால் இடுக்கில் பிளேடால் லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "சொறிப் பூச்சி இல்ல. இது யாருக்கும் ஒட்டாது. ஏதோ ஒவ்வாமைல சொறிஞ்சு சொறிஞ்சு, தோல் தடிச்சுக் கறுத்து, அது மேல கிருமி சேர்ந்திருக்கு. மருந்துல கேக்கும். ஆமா, இதைப் போட்டு யாரு இப்படித் தேய்ச்சது?"

"நாந்தேன்" என்றார் அக்கா.

"இனிமே தேய்க்காதீங்க. கண்ட எண்ணெயும் தடவாதீங்க, நக்கிடும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் டாக்டரின் விரல் பின்னங்கால் பக்கம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மொச்சை அளவில் ஒரு கறுப்புக் கட்டி. ஓரம் ஒழுங்கில்லாமல், உச்சியில் லேசாகப் புண்ணாகி இருந்தது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தார். "அது பால் காம்புல்ல டாக்டரம்மா?"

"காம்பு எல்லாம் வரிசையா இருக்கு பாருங்க. இது வரிசையில இல்ல. போன மாசம் இருந்துச்சா? இதைவிடச் சின்னதா இருந்துச்சா?"

அக்காவின் கை அந்தக் கட்டியின் மேல் போய் நின்றது. எத்தனையோ ஊக்குகளையும் போன்களையும் ஒரே தடவலில் கண்டுபிடித்த கை அது. வரிசை கலைந்து ஒருத்தி நின்றால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர். அவர் அந்த மேஜை முன்னால் விழித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

"தெனம் தொடுறேன் டாக்டரம்மா. கையில தட்டுப்படத்தான் செஞ்சுச்சு. இரும்பு இல்லேன்னு விட்டுட்டேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. "தட்டையா இருந்தது மேடாகுதா, பெருசாகுதா, நிறம் மாறுதா, ரத்தம் கசியுதா, விடாம நக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே தூக்கிட்டு வந்துடணும். இதை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். நல்லதா, இல்ல புற்றுநோய்க் கட்டி மாதிரி கெட்டதான்னு வெறும் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது."

கம்பெனிக்குத் திரும்பினால் கேட்டில் திருவிழாக் கூட்டம். அக்காவுக்குப் பதில் செக்கிங்குக்கு நிறுத்திய பெண் தொட்டதும் ஒருத்திக்குக் கூச்சம் வந்து சிரிக்க, அடுத்தவள் சிரிக்க, வரிசை மொத்தமும் சிரித்து வேலை பாதி நாள் தாமதமாகியிருந்தது. போதாக்குறைக்கு உள்ளே ஒருத்தியின் இடுப்பில் போன் மணி அடித்திருக்கிறது. போர்மேன் அண்ணாச்சி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. இதுக்கு மேலயும் நாயை வேன்ல ஏத்துனா என்னையும் சேத்து ஏத்துங்க" என்றார் அக்கா.

"எம்மா, நாயும் இருக்கட்டும். நீங்க மட்டும் லீவு போட்டுறாதீக" என்றார் அண்ணாச்சி.

ஆபரேஷன் முடிந்து லோடு கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வந்தது. அக்கா தினமும் காலையில் அந்தக் கூம்புக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். டெஸ்ட் முடிவு வர நாளானது. அந்த நாட்களில் அவர் யாரையும் அதட்டவில்லை. அவர் அதட்டாததால் பெண்களும் சத்தமில்லாமல் வந்து நின்று போனார்கள்.

டாக்டர் எனக்குத்தான் போன் செய்தார். ஆபீஸிலிருந்து கேட்டுக்கு நடந்து போய்ச் சொன்னேன்.

"கெட்டதுதானாம்க்கா. ஆனா சுத்தி நல்ல தோலோட சேர்த்து முழுசா எடுத்துட்டாகளாம். பரவுன மாதிரி தெரியலையாம். திரும்ப வருதான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணுமாம்."

அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். லோடின் தலையைக் கூம்போடு இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தொட்டேனே தவிர பாக்கலயே தாயி" என்று அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் செக்கிங்கே மாறிப்போனது. லோடை வெயிலில் படுக்கவைத்து முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் பெண்கள் மேலும் பாய்ந்தது. "ஏத்தா, கழுத்துல என்ன தேமல்? போன மாசம் இருந்துச்சா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று ஒவ்வொருத்தியையும் நிறுத்தி விசாரிக்க, வேன்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்த நேரம். நல்ல அடைமழை. திருத்தங்கலில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அக்கா, மடியில் சேலை சுற்றிய லோடு. அக்காவின் காலில் செருப்பில்லை.

"வந்துருச்சு புள்ள. காதுக்குப் பின்னால, கறுப்பா, மேடா. நேத்து இல்ல. சத்தியமா நேத்து இல்ல."

நான் அப்படியே ஆட்டோவில் ஏறிக்கொள்ள, மாட்டாஸ்பத்திரிக்கு விரட்டினோம். டாக்டர் விளக்கைத் திருப்பிக் காதை மடக்கிப் பார்த்தார். இடுக்கியை எடுத்தார். ஒரே இழுப்பு. ஒரு வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார்.

"உண்ணிம்மா இது. காலை ஆட்டுது பாருங்க."

ஆட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர் முதலில் சிரித்தார். பிறகு டாக்டரும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்து, அந்த உண்ணியின் கால்கள் அசைவதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உண்ணிதான? நல்லாப் பாத்தீகள்ல?"

"உண்ணிதாம்மா."

"அப்பச் சிரிங்க டாக்டரம்மா. ஒவ்வொரு உண்ணிக்கும் நான் இப்படித்தான் தூக்கிட்டு ஓடியாருவேன். நீங்க ஒவ்வொரு தடவையும் சிரிச்சு அனுப்புங்க."

திரும்பும்போது லோடு அவர் மடியில் தூங்கிப்போனது. எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் உள்ளே விழும்போதெல்லாம் அக்கா அதன் காதை மடக்கிப் பார்த்தார், வயிற்றைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் காதைப் பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஈரச் சேலையோடு கட்டிக்கொண்டேன்.