உட்காரத் தெரியாதவர் எழுதிய பரீட்சை

கோயமுத்தூர் ஜில்லாவில் நாற்காலி என்ற பொருளால் எந்தப் பிரயோசனமும் அடையாத ஒரே மனிதர் எங்கள் ரீஆர்டர் அண்ணன்தான். கம்பெனியில் அவருக்கென்று சுற்றுகிற நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவருடைய ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். சில நாள் வாட்ச்மேனின் பூனைகூட உட்கார்ந்திருக்கும். அவர் மட்டும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஊருக்கு வெளியே பம்ப் செய்கிற கம்பெனி அது. எந்த பம்ப் என்றைக்கு லைனில் ஏற வேண்டும், அதற்கான சாமான் என்றைக்கு வந்து இறங்க வேண்டும் என்று திட்டம் போடுவது அண்ணன் வேலை. சாமான் வாங்குவது என் வேலை. அதனால் அவர் நடந்த நடையில் பாதி என் மேஜையைச் சுற்றித்தான்.

"அம்மணி, பேரிங் பாதி தீந்துபோச்சு. ரீஆர்டர் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்ணா."

"எப்ப வருதுங்க?"

"நாளைக்குங்ணா."

"வந்ததும் அடுத்ததுக்குச் சொல்லிப்போடுங்க!"

சரக்கு தீர்ந்த பிறகு தேடக் கூடாது, தீரப்போகிறது என்று தெரிந்ததுமே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் தொழில் பாடம். அதைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் கிளாஸ் பாதியானதும் அடுத்த டீ சொல்லிவிடுவார். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பிறகு நடந்த விருந்தில் பந்தி விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மாப்பிள்ளை இலையில் சோறு பாதியாகும் போதெல்லாம் "ரீஆர்டர்!" என்று குரல் கொடுத்தார். பையன் புது மாப்பிள்ளை, வேண்டாமென்று சொல்லக் கூச்சம். கடைசியில் இரண்டு பேர் கை கொடுத்துத்தான் அவனை எழுப்பினார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு கேள்வி நிறுத்தியது. வெளிநாட்டு கஸ்டமர் ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உற்பத்தி, சரக்கு நிர்வாகத்தில் சர்டிஃபிகேட் வாங்கியவர் இங்கே யார்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

அவர் போனதும் ஜி.எம். அண்ணனைக் கூப்பிட்டார். அடுத்த தடவை கஸ்டமர் வருவதற்குள் அந்த சர்டிஃபிகேட்டுக்கான பரீட்சையில் தேற வேண்டும். இல்லாவிட்டால் தேறிய ஆள் ஒருவரைச் சென்னையிலிருந்து கூட்டி வருவோம், நீங்கள் குடோனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் சாமான் தூக்குகிற ஆளாக அந்தக் குடோனில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். அன்று மத்தியானம் முழுக்க அவர் என் மேஜைப் பக்கமே வரவில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தார். நடந்துகொண்டே படித்தார். லேத் ஓட்டுகிறவருக்கு, ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேர ஆகிற நாள்தான் லீட் டைம் என்று விளக்கினார். எவ்வளவு சரக்கு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிக்கிற டிமாண்ட் ஃபோர்காஸ்டை வாட்ச்மேனுக்குக் கற்றுக்கொடுத்தார். வாட்ச்மேன் அதை வைத்து மழை வருமா என்று சொல்ல ஆரம்பித்தார். மழைதான் வரவில்லை. ஆனால் நான் எங்கிருந்து கேள்வி கேட்டாலும், அண்ணன் நடக்கிற நடையில் பதில் சரியாக வந்தது. தேறிவிடுவார் என்று நம்பினோம்.

ஒன்றை மட்டும் யாருமே யோசிக்கவில்லை. பரீட்சை கம்ப்யூட்டர் முன்னால். மூன்று மணி நேரத்துக்கு மேல். உட்கார்ந்து.

பரீட்சை அன்று நேரம் முடியும் முன்பே அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மணி, எந்திரிச்சுப்போட்டேனுங்க."

"ஏனுங்ணா?"

"ஹால் மூலையில ஒரு தண்ணிக் கேன். அடியில கொஞ்சூண்டுதான் இருந்துது. அத்தன பேரு எழுதறாங்க, பத்தாதுன்னு அந்த சூப்பர்வைசர் பொண்ணுகிட்டச் சொல்லிப்போட்டு வந்து ஒக்காரலாம்னு..."

அவ்வளவுதான். இடத்தை விட்டு எழுந்ததற்கு ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள். இந்த முறை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள்.

"கேன் மாத்துனாங்களாங்ணா?"

"மாத்துனாங்க அம்மணி," என்றார். குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

சென்னைக்காரர் இடத்தைப் பார்க்க வரப்போகிறார் என்று பேச்சு கிளம்பியபோது, அண்ணனின் மனைவி கமலம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "படிப்பு அவருக்கு வந்துபோடுச்சு அம்மணி. மறுக்கா எழுதறப்ப ஒக்கார வைக்கோணும். அதுக்கு நானொரு வழி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துபோடுங்க."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு மூவரும் பஸ் ஏறினோம். அண்ணனை ஜன்னலோரம் தள்ளி, பக்கத்தில் அக்கா அணை கட்டினாற்போல உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டில் நான், புத்தகத்தோடு. கிணத்துக்கடவு வரும் வரை அண்ணன் எழ முயன்றுகொண்டே இருந்தார். "ஏனுங்க கண்டக்டர், முன்னாடி எடம் கெடக்குது, ஆளுகளத் தள்ளி நிக்கச் சொல்லுங்க!" அக்கா ஒவ்வொரு தடவையும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இரண்டு பொத்தான் போனதுதான் மிச்சம்.

பொள்ளாச்சியில் கூட்டம் இன்னும் ஏறியது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அண்ணா, கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?" என்று பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள். அது அவர் வயிற்றில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டது.

அண்ணன் அசையவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எல்லோரும் குதித்தோம், அவர் குதிக்கவில்லை. நான் கேள்வி கேட்டேன். கிசுகிசுப்பாகப் பதில் வந்தது. அடுத்தது கேட்டேன். அதற்கும் வந்தது. ஆனைமலை வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. இறங்கும்போது கமலம் அக்கா கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போது அவர் கண் கலங்கியிருந்ததை அண்ணன் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை பரீட்சை எழுதப் போன அன்று எங்கள் ஆபீசில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஜி.எம். கூட இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நேரம் முடிந்தும் போன் வரவில்லை. நானே அடித்தேன்.

"தேறிப்போட்டேனுங்க அம்மணி!"

"எந்திரிக்கலீங்களா?"

"இல்லீங்க. மடியில அந்தப் புள்ள தூங்கறாப்பல நெனச்சுக்கிட்டேன். காலு ரெண்டும் மரத்துப்போச்சு. இப்பத்தான் சொவத்தப் புடிச்சு வெளிய வந்தேன்."

சென்னைக்காரர் வரவில்லை. அண்ணன் பிளானிங்கிலேயே இருந்தார். அப்புறம் எனக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். வந்த புதிதில் கடும் காய்ச்சல். காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அண்ணன், கையில் தூக்குவாளி.

"கேள்விப்பட்டேனுங்க. கமலம் ரசம் வெச்சுக் குடுத்துது. சூடா குடிச்சுப்போடுங்க. பஸ்சு நிக்குது, நான் வாரேன்."

உள்ளே கூப்பிடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. மாத்திரையால்தான் என்று டாக்டர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.