ரேகன்ஸ்பர்க்கில் நாலு ஜோடி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு (அண்ணன் பிள்ளைகள் இரண்டும் என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவைதான்). அந்த ஆறில் ஒன்றுகூடத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்ததில்லை. ஒரு ஸ்பூன், ஒரு தோட்டுத் திருகாணிகூட நான் தொலைத்தது கிடையாது. அப்படிப்பட்டவள் என் மகன் குடும்பத்தின் செருப்பு மொத்தத்தையும் ஒரே மத்தியானத்தில் தொலைத்தேன். அதுவும் ஜெர்மனியில்.

மகன் செல்வத்துக்குக் கத்தாரில், ராஸ் லஃபானில் கேஸ் பிளாண்ட் வேலை. அவனோடுதான் அல் கோரில் இருக்கிறேன். அப்போது அவன் காண்ட்ராக்ட் முடிய மூன்று மாதம் இருந்தது. புதுப்பிப்பார்களா என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, முன்பு சைட்டில் அவனுக்குப் பெரிய அதிகாரியாக இருந்த ஜெர்மன்காரர் எழுதினார். எங்கள் ஊரில் ஒரு வேலை இருக்கிறது, திங்கட்கிழமை இன்டர்வியூ, முதல் நாள் ஞாயிறு மூன்று மணிக்குக் குடும்பத்தோடு வீட்டுக்குக் காபிக்கு வா என்று. என்னைத் தனியே விட முடியாது என்று கூட்டிப் போனார்கள். நான் இல்லாமல் இவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று நானும் கிளம்பினேன்.

ஊர் பெயர் ரேகன்ஸ்பர்க். (சொல்லிப் பழகவே இரண்டு நாள் ஆனது.) அந்த ஞாயிறு காலையில் நான் நடந்த நடை என் கல்யாண ஊர்வலத்தில்கூட நடந்ததில்லை. ஆற்றுக்குக் குறுக்கே முழுக்க முழுக்கக் கல்லால் ஒரு பாலம், பல நூறு வருடப் பழசாம். கீழே தண்ணீர் அப்படி ஓடுகிறது. வருடக்கணக்காக மணலையே பார்த்த கண்ணுக்கு அதை விட்டு நகர மனமில்லை. மஞ்சள், ரோஸ், பச்சை என்று வீடுகள் மிட்டாய்த் தட்டு மாதிரி நிற்கின்றன. "மெதுவா போங்கத்தை, கல்லு வழுக்கும்" என்று மருமகள் கவிதா பின்னால் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.

ஒரு சந்தில் சின்னச் சர்ச் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே போவோம் என்றேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"அத்தை, இங்கெல்லாம் ஷூ போட்டுட்டுத்தான் போறாங்க. பாருங்க."

"அவுங்க போனாப் போகட்டும். சாமி இருக்க எடத்துக்கு நாம செருப்போட போனதுண்டா?"

"அம்மா, மூணு மணிக்கு சார் வீட்டுல இருக்கணும்" என்றான் செல்வம். இன்டர்வியூவுக்கென்று வாங்கிய கறுப்பு ஷூ, மூஞ்சி பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தான்.

"மணி ரெண்டுகூட ஆகல. கழட்டுடா."

பக்கத்து வீட்டுப் படியில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் பழைய ஷூ இரண்டு ஜோடி. மேலே தாள் ஒட்டி ஏதோ எழுதியிருந்தது. பார்த்தாயா, தோஹாவில் பள்ளிவாசலுக்கு வெளியே வைத்திருக்கிற மாதிரி இவர்களும் செருப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். (பெட்டியில் தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் ஒன்றும் இருந்தது. அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.)

பேத்தி நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. "அப்பத்தா, அதுல என்னமோ எழுதியிருக்கு. வெயிட், ட்ரான்ஸ்லேட் பண்றேன்" என்றாள்.

"எதுக்கெடுத்தாலும் போனு. செருப்பு வைக்கிற எடத்துல வேற என்னத்தா எழுதுவான்? ஒழுங்கா அடுக்கி வையின்னு எழுதியிருப்பான்."

ஒழுங்காக அடுக்கி வைத்தேன். நாலு ஜோடி.

உள்ளே கலர் கண்ணாடி வழியாக வெயில் விழுந்த அழகில் அரைமணி போனது தெரியவில்லை. இவனுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடு என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பெட்டியில் என் நீல ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. கெட்டிலைக்கூடக் காணோம்.

நிலா போனைத் தாளுக்கு நேரே பிடித்தாள். "ஃப்ரீயாம் அப்பத்தா. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு."

கவிதா என் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தாள். பதினைந்து வருட மருமகள் செருப்பை அப்படி எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய பேச்சு என்று மாமியார்களுக்குத் தெரியும். எனக்கு வேறு வருத்தமும் இருந்தது. சும்மா கொடுத்தும் என் செருப்பை ஒருத்தர் தொடவில்லையே.

அல் கோரில் ராத்திரி பத்து மணிக்கும் ஷூ வாங்கலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கடை அடைப்பு. மாற்றுச் செருப்பும் யாரும் கொண்டுவரவில்லை. செல்வம் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"உடம்பு சரியில்லன்னு போன் பண்ணிடுறேம்மா. சாக்ஸோட போய் நின்னா என்ன நினைப்பாரு? வேலை போச்சு."

"ஒன்னையத்தானடா வேலைக்கு எடுக்குறாரு, ஷூவையா? நட."

நடந்தோம். மூன்று பேர் சாக்ஸில், நான் வெறுங்காலில். (அவர்கள் அப்படி நடக்கும்போது நான் மட்டும் செருப்புப் போட வெட்கம், கையில் தூக்கிக்கொண்டேன்.) கல் ஐஸ் மாதிரி இருந்தது, என் மெட்டிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அந்த நிலையிலும் வழியில் ஒரு மணிக்கூண்டை நின்று பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கதவைத் திறந்த பெரியவர் முதலில் எங்கள் காலைத்தான் பார்த்தார். செல்வம் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். யாராவது பேச வேண்டுமே. அல் கோர் மளிகைக் கடையில் கற்ற அரபியை எடுத்துவிட்டேன்.

"ஷூ மாஃபி" என்றேன். இல்லை என்று அர்த்தம். போதாது என்று பட்டதால், "கலாஸ்" என்றும் சேர்த்தேன். தீர்ந்தது.

மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஸ் லஃபானில் மூன்று வருடம் இதைக் கேட்டே காலம் தள்ளியவராம். "யல்லா, யல்லா" (சீக்கிரம் வாங்க) என்று எங்களை உள்ளே இழுத்தார். உள்ளே கதவோரம் வரிசையாக ஷூ. அவர் காலில் கம்பளிச் செருப்பு. அந்த வீட்டில் யாரும் ஷூவோடு நுழையக் கூடாதாம், அவர் மனைவியின் சட்டம். அந்த அம்மா என் காலைத் தொட்டுப் பார்த்து, நாலு பேருக்கும் கம்பளிச் சாக்ஸ் கொண்டுவந்து போட்டாள். செல்வம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பெரியவர் கேக்கை வாயில் வைக்க முடியாமல் சிரித்தார்.

மறுநாள் கடை திறந்ததும் கிடைத்த ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு சைஸ் பெரிதில் டொக்கு டொக்கென்று இன்டர்வியூவுக்குப் போனான். வேலை கிடைத்தது. அடுத்த மாதம் பயணம். பதினெட்டு வருட அனுபவத்துக்குக் கிடைத்தது என்கிறான் அவன். என்னால்தான் கிடைத்தது என்பது என் கட்சி. அல் கோரில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஷூவைக் கழற்றும்போது, "அம்மா, இது ஃப்ரீ இல்ல, எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

நிலா, இங்கே வா. எழுத்துக் கோணலாக இருக்கும், ஆனாலும் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டு. வேலை என்னால்தான் கிடைத்தது என்ற இடம் வரும்போது நிறுத்திக்கொள். உன் அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் அங்கிருந்து இன்னொரு தடவை வாசி.