மாதம் ஒருமுறை ஓய்வு பெற்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு என் வீட்டு அடுப்பில் வேறொருவர் பால் காய்ச்சினார். அன்று பிடித்த நடுக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

உலகத்தில் எல்லோரும் ஒருமுறைதான் ஓய்வு பெறுவார்கள். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து எஞ்சின்காரர் மாதம் ஒருமுறை ஓய்வு பெறுவார். தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினைப் பார்த்துக்கொண்டதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

தோட்டத்தில் வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். விறகும் அரிசியும் அப்படித்தான். இதை நினைத்துப் பயந்தே அவர் ஓர் ஒத்திகையைக் கண்டுபிடித்தார். மாதக் கடைசி ஞாயிறு விடிந்ததும் வீட்டைக் கூட்டிவிட்டு, பெட்டி படுக்கையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு ரோட்டு வளைவிலுள்ள தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார். முதுமைக்கென்று சேர்த்த சொத்து தருவதுதான் அன்றைய சாப்பாடு.

பசு பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடியானவரிடம் வளர்ந்தது. பாலில் பாதி குடியானவருக்கு. கோழிகள் மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில். பஜாரில் நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் கடையில் சின்னப் பங்கு. ஆற்றோரம் ஒரு துண்டுத் தோட்டம்.

“எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சா ஒரே சீக்குல போயிரும்ங்க ஐயா” என்பார் என்னிடம்.

ஒரு மாதம் பசுவுக்குப் பால் வற்றியது, கோழிகள் செத்தன, நானா பெருநாளுக்குக் கடையை மூடிவிட்டார். மிஞ்சியது ஆற்றோரத்துக் கேரட். நாள் முழுக்க இருவரும் அதையே கடித்தார்கள்.

“ரிட்டயராகி மொசலாத்தான் ஆவோம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் மனைவி.

அடுத்த வாரம் அவர் உருளைக்கிழங்கும் நட்டார்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். என்னை அவர் விடவில்லை. “மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்படிங்க ஐயா தூங்குறீங்க?” என்று கேட்டார். அதுவரை நன்றாகத்தான் தூங்கினேன். மூன்று வாரம் கண்ணை மூடாமல் கிடந்துவிட்டு, மாதக் கடைசி ஞாயிறு நானும் வீட்டைக் கூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போனேன்.

நாங்கள் போன கையோடு, வீடில்லாமல் காத்திருந்த லொறி டிரைவர் அந்த வழியே வந்திருக்கிறார். அவர் மனைவிக்கு நிறைமாதம். கூட்டிப் பெருக்கிய காலி வீடு. வேறென்ன வேண்டும்? பாலைக் காய்ச்சிக் குடியேறிவிட்டார்.

செய்தி கேட்டு ஓடினேன்.

“எந்த வீடு காலியானாலும் போயி இருந்துக்கன்னு வேல மேற்பார்வ பாக்குற கண்டாக்கையாதாங்க சொன்னாரு. ஐயா மாறிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்” என்று டிரைவர் கையைப் பிசைந்தார். உள்ளே அந்தப் பெண் வலியில் முனகியது. லயத்துப் பெண்கள் வாசலை மறித்தார்கள்: “பால் பொங்குன வீட்டுலேருந்து புள்ளத்தாச்சிய எழுப்புவீங்களா?”

நான் எழுப்பவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன். எஞ்சின்காரரைக் காணோம். என் முகத்தைப் பார்க்கப் பயந்து ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்று பிள்ளைகளும் ஒரு குடையின் கீழ் பெட்டிமேல் உட்கார்ந்து நடுங்கின.

“ஒத்திகைன்னீங்க, அரங்கேற்றமே ஆயிருச்சு” என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் தொரை காதுக்கு எட்டினால்? கிளாக்கர் வீட்டைக் காலி செய்துவிட்டான் என்று ஆபீசில் எழுதிக்கொண்டால்?

கடைசியில் தொப்பலாக நனைந்து எஞ்சின்காரர் வந்தார். கையில் அன்றைய பால், முட்டை, நானா கடை ரொட்டி. எல்லாவற்றையும் என் பிள்ளைகள் மடியில் வைத்தார்.

“அந்தப் பொண்ணக் கைத்தாங்கலா, காலியாக் கெடந்த எங்க வீட்டுக்குக் கொண்டுபோயி படுக்க வச்சாச்சுங்க. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போறாப்புலன்னு சொன்னதும் லயத்துப் பொம்பளைங்களே வழிவிட்டுட்டாங்க. எங்கம்மா வூடு மாதிரியே இருக்குதுன்னு அந்தப் புள்ளயும் சொன்னுச்சு. மருத்துவச்சியும் வந்துட்டா. நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போங்க. எனக்கும் எம் பொஞ்சாதிக்கும் வெளிய இருந்து பழக்கந்தானுங்களே.”