பொனற் அண்ணையின் மழைத்தண்ணீர்

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருந்த எவரும் பொனற் அண்ணைக்குப் பதில் சொல்லாமல் கேற்றைத் தாண்டியது கிடையாது. நாட்டை ஆளுகிறவர்களாக இருந்தாலும் தப்பியிருக்க முடியாது. நல்லகாலம், அவர்கள் யாரும் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வந்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். கராஜ் எதிலும் வேலை செய்தவரல்ல. ஆனால் காலையில் சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு பழந்துணியோடு இறங்கினாரென்றால், அடுத்த வீட்டுக் காரின் முன்மூடியான பொனற்றையாவது திறந்து பார்க்காமல் திரும்பமாட்டார். ஆட்களைச் சுகம் விசாரிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தவர் கட்டிலடியில் நின்று கேட்டார்:

"ஒயில் பாத்தனியே?"

"அண்ணை, எனக்குக் காய்ச்சல் கொதிக்குது."

"அது தன்ரை பாட்டிலை இறங்கும். ஒயில் இறங்கினால் ஆர் ஏத்திறது? கார்த் திறப்பை எங்கை வைச்சனி?"

"காலமை, ஸ்ரார்ட் பண்ண முன்னம், மட்டமான தரையிலை" என்பது அவருடைய தேவாரம். ஒயில் கம்பியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்களுக்கு அவர் பெரிய அரியண்டம், ஓயாத தொல்லை.

மாரி மழை தொடங்கினால் ஊரே வீட்டுக்குள் ஓடும். அவர் மட்டும் முற்றத்துக்கு ஓடுவார். பேசின், வாளி, சட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பரப்பிவிட்டுக் குடையோடு காவல் நிற்பார். கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு விடுவது அவர் கணக்கில் மகா பாவம்.

"உங்கடை கேத்திலுக்கை பாருங்கோ, வெள்ளையாக் கல்லுப் பிடிச்சுக் கிடக்கு. உதே எஞ்சினுக்கை பிடிச்சால் தண்ணி எதாலை ஓடும்?"

மழைத்தண்ணீரைத் துணியில் வடித்து, கூலன்ற்றோடு கலப்பதற்கென்று போத்தல்களில் அடுக்கி வைத்திருந்தார். அவருடைய மனைவி அவசரத்துக்கு ஒரு போத்தலை எடுத்துத் தேத்தண்ணி வைத்துவிட்டார் என்பதற்காக, அந்த அம்மாவோடு கொஞ்சநாள் கதைக்காமலே இருந்தவர்.

பிறகு என் கலியாணம் வந்தது. மாப்பிள்ளைக் கார் என்னுடைய சின்னக் கார்தான். ஓட்டுகிற பொறுப்பும் சோடிக்கிற பொறுப்பும் அக்காவின் கணவரான அத்தானுக்கு. மனிதர் ஆசையில் செவ்வந்தியும் ரோசாவுமாக முன்பக்கம் முழுவதையும் மூடிக் கட்டிவிட்டார். ஈ நுழைய வழியில்லை.

"உதென்ன, மூக்கை அடைச்சு வைச்சிருக்கிறியள்?" என்றார் பொனற் அண்ணை. "றேடியேற்றருக்குக் காத்து எதாலை போறது? கழட்டுங்கோ."

"மாப்பிள்ளைக் காரை மொட்டையாவோ கொண்டுபோறது? இண்டைக்கு ஒருநாள் சும்மா இருங்கோ அண்ணை" என்றார் அத்தான். பொனற் அண்ணை விறுவிறென்று தன் வீட்டுக்குப் போனார். அவ்வளவு லேசில் விடுகிற ஆள் அல்லவே.

மண்டபம் மருதனார்மடத்துக்கு அப்பால். சந்தையடியில் வாகன நெரிசல், கார் ஊர்ந்தது. ஏசி முழு வேகத்தில். அத்தான் திடீரென்று பாட்டை நிறுத்தினார்.

"தம்பி, சூடு காட்டிற முள்ளு கொஞ்சம் மேலை நிக்குது."

"எவ்வளவு மேலை?"

"இனி ஏற இடமில்லை."

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். இறங்கி வேறு காரில் போவோம் என்றேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா விடவில்லை. "மாப்பிள்ளை இடைவழியிலை இறங்கிறதோ? என்ன சகுனமடா அது? பேசாமல் இரு."

அந்த நேரம் கண்ணாடியில் தட்டல். பார்த்தால் பொனற் அண்ணை. பட்டு வேட்டி, ஸ்கூட்டர், காலடியில் நாலைந்து போத்தல் தண்ணீர். வீட்டிலிருந்து எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"ஏசியை நிப்பாட்டு. ஹீற்றரைப் போடு, முழுசா."

"இந்த வெயிலுக்கை ஹீற்றரோ? விசரே அண்ணை உங்களுக்கு?"

"எஞ்சின்ரை சூட்டை உள்ளுக்கு இழுக்கோணும். உவன் வெந்தாலும் பறவாயில்லை, எஞ்சின் வேகக்கூடாது."

'உவன்' நான்தான். சொல்லிக்கொண்டே பூவையெல்லாம் பிய்த்து வீதியோரம் எறிந்தார். அங்கு நின்ற மாட்டுக்கு அன்று கலியாணச் சாப்பாடு. பட்டும் தலைப்பாகையுமாக ஹீற்றர் போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளை இந்தக் குடாநாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நெற்றிச் சந்தனம் மீசைக்கு வந்துவிட்டது. முன்னால் ஸ்கூட்டரில் போன அண்ணை, "விலகுங்கோ, எஞ்சின் கொதிக்குது" என்று சந்தைச் சனத்தை ஒதுக்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வருகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முள் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பாடா என்று அத்தான் விட்ட மூச்சில் பெரியம்மாவின் விசிறியே தேவைப்படவில்லை. மண்டபத்து வாசலில் வியர்வையில் நனைந்த பட்டோடு இறங்கினேன். ஆனால் நல்ல நேரம் தப்பவில்லை, தாலி கட்டினேன்.

அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தவர்களில் பொனற் அண்ணையைத் தேடினேன், காணவில்லை. நானும் மனைவியுமாக வெளியே வந்தபோது காரடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சூட்டோடு அத்தான் றேடியேற்றர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்வார் என்று காவலாம். சாப்பிடவும் இல்லை. எஞ்சின் நன்றாக ஆறிவிட்டதைத் தொட்டுப் பார்த்து, ஈரத் துவாயை மூடியில் போட்டு மெல்லத் திறந்து, தேத்தண்ணிக்குக்கூடக் கொடுக்காத அந்தத் தண்ணீரைப் போத்தல் போத்தலாக ஊற்றினார். பிறகுதான் என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இனி நீதான் உவனுக்குச் சொல்லோணும். காலமை, ஸ்ரார்ட் பண்ண முன்னம்."

அவள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது அண்ணைக்கு முழங்கால் ஏலாது, மழைக்கு ஓட முடியாது. மழை இருட்டினால் என் மனைவி கொடியில் கிடக்கிற உடுப்பை விட்டுவிட்டு முதலில் பேசினைத்தான் முற்றத்தில் வைக்கிறாள். வடித்த தண்ணீரை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நன்றி என்று ஒரு சொல் அவர் வாயில் வராது.

"ஒயில் பாத்தனியே?"

காலையிலேயே பார்த்திருப்பேன். ஆனாலும் "இல்லை அண்ணை" என்றுதான் சொல்கிறேன். உடனே பழந்துணியைத் தேடி எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து காரடிக்கு வருகிறார்.