நாலு ஹீட்டர் பிளக்

"நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். சாவியைத் திருப்பினதும் ஓடினா வண்டி நம்ம வீட்டுல இருக்கும். தள்ளினாத்தான் ஓடும்னா இரும்புக்குப் போகும்," என்று காலையிலேயே மனைவி அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

தெருவில் அவருக்குத் தள்ளுவண்டிக்காரர் என்று பெயர். வைத்திருந்தது என்னவோ டிராக்டர்தான். மூன்று வருடமாக, இன்ஜின் ஆறிவிட்டால் அது சாவிக்கு மசிவதில்லை. இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலும் செத்துப்போயிருந்தன. இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம் என்று தள்ளிப்போட்டே, வண்டியை வீட்டு முன்னாலிருந்த சரிவில் நிறுத்தப் பழகிவிட்டார். மச்சான் பின்னாலிருந்து தள்ளுவார். இவர் கியரைப் போடுவார். அது இருமிக்கொண்டே கிளம்பும். யாராவது உழவுக்குக் கூப்பிட்டால், "உங்க நிலத்துல சரிவு இருக்கா?" என்று முதலில் அதைத்தான் கேட்பார். அதோடு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் அந்த வண்டி மேல் அவருக்கு உயிர். இரும்புக் கடை என்றதும் உதிரிபாகக் கடைக்கு ஓடினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் நாலு பிளக்கைக் கட்டித் தயாராக எடுத்து நீட்டினார். இன்று நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நல்ல நேரம் மூன்று பிளக் வரைக்கும்தான் இருந்தது. நாலாவது அசைய மறுத்தது. மச்சான் ஒரு நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கத் தயாரானார். பிளக் உடைந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டுமே என்று இவர் பதறிப்போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் தானாக வரும் என்றார் மெக்கானிக். சூடாக வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். ஓடத்தான் பிளக்கே மாற்றுகிறார். இதென்னடா வம்பு என்று தலையில் கை வைத்தார்.

கடைசியில் கழற்றிய மூன்று பழைய பிளக்கையும் திரும்ப மாட்டினார். மச்சான் தள்ளினார். வண்டி சரிவில் உருண்டு கிளம்பியது. கீழே சலூன் வரைக்கும் ஓட்டிப்போய், அங்கேயே இன்ஜினைச் சூடேற விட்டு, நிம்மதியாக அணைத்தார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாமா, இது சமதரை. இனிமே எங்கே தள்றது?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி சாவி ஒன்றுதான் கதி. மணி மூன்று.

நாலாவது பிளக் சமர்த்தாகக் கழன்றது. புதியவை நாலையும் மாட்டினார். சலூனில் பாதி சவரத்தில் இருந்தவர்கூடச் சோப்பு முகத்தோடு வெளியே வந்து நின்றார். இவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அதற்குள் ஆறிப்போயிருந்தது. முக்கியது, முனகியது, பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தால், நாலு பிளக்குக்கும் கரண்ட் கொண்டுபோகும் தகட்டையே காணோம். செத்த பிளக்குக்குத் தகடு எதற்கு என்று வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

எடுத்துவர மச்சான் திரும்புவதற்குள் மனைவியே சரிவில் இறங்கி வந்தாள். கையில் துடைத்துப் பளபளப்பாக்கிய தகடு.

"இதை மறந்துட்டீங்க," என்றாள்.

வண்டியை வழியனுப்பத்தான் வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். தகட்டை வாங்கி மாட்டினார். அதே நேரம் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கி, டிராக்டரைச் சக்கரத்திலிருந்து புகைக்குழாய் வரை நிதானமாகக் கண்ணால் அளந்தார். மணி நாலு.

தள்ளுவண்டிக்காரர் சாவியைப் பாதி திருப்பி, பிளக் சூடேற இருபது வரை எண்ணினார். பிறகு முழுதாகத் திருப்பினார்.

ஒரே உதறலில் வண்டி பிடித்துக்கொண்டது. சோப்பு முகத்துக்காரர் கை தட்டினார். தள்ளுவண்டிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கிப்போய் வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க. இதை இரும்புக்குத் தர்றதா இல்லை."

வந்தவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"இரும்பு எனக்கு எதுக்குங்க? எங்க நிலத்துல சரிவே கிடையாதேன்னுதான் இத்தனை நாளா தயங்கினேன். இன்னைக்கு நாலு மணிக்கு வண்டி சாவியிலேயே ஓடும், வந்து உழவுக்குப் பேசிக்கோங்கன்னு உங்க வீட்டு அக்காதானே போன வாரம் சொன்னாங்க!"