மபாஸாவின் கிணறு செய்த குற்றம்

பூமிக்கு அடியில் இருப்பதையும் யோசித்து நகரம் அமைத்த பெருமை, ஆலங்குடா 'எழில்நகர்'த் திட்டக் குழுவைத்தான் சேரும். மற்ற ஊர்க்காரர்கள், பாவம், மேலே மட்டும் பார்த்துக் கட்டிவிட்டார்கள்.

இந்தப் பெருமை தன் வேலியோரமாக வந்து நிற்கும் என்று மபாஸா நினைக்கவில்லை. மூன்று பக்கமும் உப்புக் கடல் என்றாலும் அவளுடைய கிணற்றில் ஊறியது நல்ல தண்ணீர். குடிக்க, தொழுகைக்கு வுழு எடுக்க, மிளகாய்க்குப் பாய்ச்ச எல்லாம் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கம், பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு பெரிய மலசலகூடம் வரைபடத்தில் முளைத்தது.

நிலத்தடியைக் குழு ஆராய்ந்த விதத்தை மெச்சத்தான் வேண்டும். துளை போட்டார்கள், எட்டிப் பார்த்தார்கள், கூட்டம் கூடிப் பெட்டிஸ் சாப்பிட்டார்கள். "கீழே தடையாக எதுவுமில்லை, வெறும் தண்ணீர்தான்" என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆகவே மலக்குழிக்குச் சுவர் போதும், அடியில் சீமெந்து வேண்டாம், கழிவு 'இயற்கையோடு இணையட்டும்' என்றார்கள்.

மபாஸா குழுவின் கந்தோருக்குப் போனாள். இந்த மணலில் குழிக்குள் விழுவது கிணற்றுக்குள் விழுந்த மாதிரிதான் என்றாள். கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி இருக்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறதே என்றும் கேட்டாள். திட்டமிடல் அதிகாரி கௌசிகனின் முகம் மலர்ந்தது. ஞாபகப்படுத்தியதற்கு மிகவும் நன்றி சொன்னார்.

அடுத்த கிழமை அறிவித்தல் வந்தது. அனுமதி பெற்ற குழிக்கு அருகில் அனுமதி பெறாத கிணறு ஒன்று 'அத்துமீறி' நிற்கிறதாம். உடனே மூட வேண்டுமாம். கிணற்றை மூடுவதற்கு, குழியில் தோண்டிய மணலை இலவசமாகத் தருவார்களாம்.

மணல் வந்து வேலிப் படலையடியில் குவிந்தது. மூடத்தான் யாரும் வரவில்லை. கடைசியில் கௌசிகனே வந்தார். கூடவே கொங்கிரீட் கலக்கும் மெஷினும் நீளமான தண்ணீர்க் குழாயும் வந்தன.

"அக்கா, மூடுறதக் கொஞ்சம் பிற்போடுவம்" என்றார் தன்மையாக. "குழிச் சுவருக்குக் கொங்கிரீட் போடவேணும். உப்புத் தண்ணியில கலந்தா கம்பி கறள் பிடிச்சிடும். இந்தப் பக்கத்தில உங்கட கிணத்திலதான் நல்ல தண்ணி."

மபாஸா குழாயின் மேல் காலை ஊன்றி நின்றாள்.

"அப்ப கீழ என்ன இரிக்கி எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும், சேர். தெரிஞ்சிதான் தோண்டியிரிக்கீங்க."