வாத்தின் குடை

“அப்படி இல்ல,” என்றாள் பட்டாணி.

அவன் பாட்டை நிறுத்தினான். கரண்டி அவள் வாய்க்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. மசித்த உருளைக்கிழங்கு. உப்பு சரி. சூடு சரி. பாட்டுதான் சரியில்லை.

“பின்ன எப்படி?”

“அப்படி இல்ல.”

“சரி, நீயே பாடிக் காட்டேன்.”

மகள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். உதட்டை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நான்கு வயது. நெற்றி சுருங்குவது மட்டும் அப்படியே அவள் அம்மா.

அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பல மாதம் படுக்கை. அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன்; லீவு கேட்டால் ஆள் மாற்றிவிடுவார்கள். காலையிலேயே சமைத்து, இரண்டு கிண்ணங்களில் போட்டு மூடி, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் வந்தால் இரண்டும் காலியாக இருக்கும். அவற்றைக் கழுவி வைக்கும் நேரம்தான் அந்த நாளிலேயே நல்ல நேரம்.

இப்போது ஒரே கிண்ணம். அது நிறைந்தபடியே இருந்தது. பட்டாணி பால் குடித்தாள். பிஸ்கட் கடித்தாள். கரண்டியைக் கண்டால் வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

பாட்டு யோசனையைச் சொன்னது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. இந்த ஒரு மாதமாகப் பகலில் பட்டாணி அவளிடம்தான் இருந்தாள்.

“மத்தியானமானா மேல பாட்டு கேக்குமே தம்பி. அந்த வாத்துப் பாட்டு. டான்னு சாப்பாட்டு நேரத்துக்கு ஆரம்பிக்கும். பாட்டு இல்லாம பிள்ளைக்கு உள்ள எறங்கல போல.”

“எப்படிப் பாடுவா?”

“மெஷின் சத்தத்துல மெட்டுதான் காதுல விழும். அந்தப் பாட்டு தெரியாதவங்க யாரு? எல்லார் வீட்லயும் இருக்கறதுதானே.”

எல்லார் வீட்டிலும் இருந்தது. தொல்லையே அதுதான்.

அவன் வீட்டில் அது இப்படி இருந்தது:

குட்டை வாத்து குடை எடுத்துக்
கடைக்குப் போச்சாம்
காத்தடிச்சுக் குடை பறந்து
குளத்தில் விழுந்துச்சாம்
போனால் போகட்டும்னு வாத்து
வீட்டுக்கு வந்துச்சாம்

அவன் பரம்பரையே அப்படித்தான். போனால் போகட்டும் என்று வீட்டுக்கு வந்தவர்கள்.

பட்டாணி இல்லை என்கிறாள். அப்படியானால் மனைவி வீட்டுப் பாட்டு வேறு. அவளோடு அத்தனை வருடம் வாழ்ந்தும், அவள் வீட்டு வாத்துக்கு என்ன ஆயிற்று என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மனைவியின் அக்காவுக்குப் போன் செய்தான். அங்கே ஆரம்பித்தது வினை.

அண்ணி பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. “ஹலோ” என்பதையே வருகைப் பதிவு எடுப்பதுபோலச் சொல்வாள்.

“வாத்துப் பாட்டா? இப்ப எதுக்குத் தம்பி வாத்துப் பாட்டு?”

“பட்டாணி சாப்பிட மாட்டேங்குறா அண்ணி. அவ அம்மா பாடின மாதிரி பாடினா...”

“என்னது, சாப்பிட மாட்டேங்குறாளா?”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகத்தான்.

“பால் குடிக்கிறா.”

“நான் கேட்டது அது இல்ல. எவ்வளவு நாளா?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளா என்கிட்ட சொல்லல.”

“நீங்க முதல்ல பாடுங்க அண்ணி. போனை அவ பக்கத்துல வைக்கிறேன்.”

அண்ணி பாடினாள். வரிக்கு வரி ஒரே அளவு மூச்சு. குளம் வரைக்கும் அதே பாட்டு. குளத்துக்கு அப்புறம்தான் வீடு மாறியது.

குடையைத் தேடிப் போன வாத்து
திரும்பி வரலையாம்

அவன் காத்திருந்தான். வேறொன்றும் வரவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“வரவே இல்லையா?”

“வரல. ஆழம் தெரியாம இறங்கினா அப்படித்தான். எங்களை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாங்க.”

பட்டாணி போனைக் கவிழ்த்து வைத்தாள். “அப்படியும் இல்ல.”

கவிழ்ந்த போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. “தம்பி, ஞாயித்துக்கிழமை வரேன். மத்தியானம் என் கண் முன்னாடி ஒரு கிண்ணம் சாப்பிட்டாள்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன். முடியலன்னா முடியலன்னு சொல்றதுல கேவலம் ஒண்ணும் இல்ல.”

அண்ணியின் ஊருக்கு ரயிலில் ஒரு முழு நாள். பட்டாணி அங்கே போனால் வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம். அப்புறம் ஒரு தடவை. அப்புறம் போட்டோவில்.

அண்ணியைச் சமாளிக்கத் தன் அக்காவைக் கூப்பிட்டான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அக்கா அன்று சாயங்காலமே இரண்டு பைகளுடன் வந்து இறங்கி, பாட்டைக் கேட்டு, பைகளைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தாள்.

“திரும்பி வரலையாமா? தாயில்லாப் பிள்ளைக்குப் பாடுற பாட்டாடா இது? உன் மாமியார் வீட்டுக்காரங்க ஒரு வாத்தைக்கூட உருப்பட விடமாட்டாங்க போல.”

“அக்கா, மெதுவா. பிள்ளை கேக்குது.”

“கேக்கட்டும். நம்ம பாட்டைக் கேக்கட்டும். நீ பாடுற லட்சணத்துக்கு அதுக்குப் பாட்டுன்னே தெரிஞ்சிருக்காது.”

அக்கா நடித்துப் பாடினாள். நிஜக் குடையை விரித்து நாற்காலிகளுக்கு நடுவே வாத்து நடை நடந்தாள். காலையில் பாடினாள். குளிக்க வைக்கும்போது பாடினாள். குடைக் கம்பி பட்டு விளக்கு ஒன்று உடைந்தது. இரண்டாம் நாள் பட்டாணி பாலையும் நிறுத்தினாள். குடையைக் கண்டாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

“பயப்படுது,” என்றான் அவன்.

“பாட்டு உள்ள இறங்குதுடா. அப்படித்தான் இருக்கும்.”

கடையில் அவன் வாய்விட்டுக் கேட்டான். யாராவது ஒருவருக்காவது சரியான பாட்டு தெரிந்திருக்க வேண்டும். கூட வேலை செய்யும் மொட்டை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“வாத்தா? அது தவளைடா.”

“தவளைக்கு எதுக்குடா குடை?”

“வாத்துக்கு மட்டும் எதுக்கு?”

கல்லாவிலிருந்து முதலாளி தலையை நீட்டினார்.

“வாத்துதான். ஆனா கடைசியில பழசைவிட நல்லதா ஒரு புதுக் குடை வாங்கிடும். எங்க வீட்ல அப்படித்தான் பாடுவோம்.”

“உங்க வீட்டு வாத்து வாங்கும் முதலாளி,” என்றான் மொட்டை.

நிலைக்கண்ணாடிக்காகக் காத்திருந்த அம்மாள் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். “எங்க வீட்ல முதலை வந்து வாத்தை முழுங்கிடும்.”

“குடையோடயா?”

“குடைதான் முன்னாடியே போயிடுச்சே. கதையை ஒழுங்கா கேளுங்க.”

அவன் முதலையையும் தவளையையும் புதுக் குடையையும் மனதுக்குள் மெட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டே கண்ணாடியில் வெட்டுக் கோடு இழுத்தான். பாட்டு குளத்தருகே வந்தபோது கோடு வளைந்தது. கண்ணாடி குறுக்கே விரிந்து மேஜையில் சரிந்தது. அந்த அம்மாளுடைய நிலைக்கண்ணாடி.

துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். ஒவ்வொன்றிலும் அவன் முகத்தில் கொஞ்சம் இருந்தது. எந்தத் துண்டிலும் கன்னம் என்று ஒன்று இல்லை.

“வீட்டுக்குப் போ,” என்றார் முதலாளி. “திங்கட்கிழமை வா. இன்னிக்குக் கண்ணாடியை உடைச்சே, நாளைக்குக் கையை வெட்டிக்குவே. ஆளைப் பாரு, காத்தடிச்சா விழுந்துடுவான் போல இருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. புதிது. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை.

“காலியாத்தான் கொண்டு வந்தேன்,” என்றாள். “காலியாவே திரும்பிப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.”

பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட வழியில்லை.

மத்தியானம் கிண்ணம் வந்தது. மேஜைக்கு அடியில் பட்டாணி. வெளியே தரையில் கரண்டியுடன் அவன். ஒருபக்கம் அக்கா, குடையுடன். மறுபக்கம் அண்ணி, நேராக நிமிர்ந்து.

அக்கா எடுத்த எடுப்பில் பாடினாள். கடைசி வரியில் அண்ணி குறுக்கிட்டாள்.

“வந்துச்சாம் இல்ல. வரலையாம்.”

“செத்த வாத்தைப் பத்திப் பாடினா எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?”

“செத்துச்சுன்னு யார் சொன்னது? திரும்பி வரலைன்னுதான் பாட்டு.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்லை,” என்றாள் அண்ணி. “எனக்கு ஒண்ணு இல்ல.”

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. தங்கையை அடக்கம் செய்த அன்றுகூட உடையாத குரல். அக்கா குடையைச் சுருக்கினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“தம்பி, அவ துணியெல்லாம் எங்க இருக்கு?”

அவன் அலமாரியைக் காட்டினான். காட்டிய கை கீழே இறங்கச் சிறிது நேரம் ஆனது.

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு. ஹேங்கர்கள். எல்லாம் சின்னச் சின்ன ஹேங்கர்கள். அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தில் மசியல் ஆறி ஆடை கட்டியிருந்தது. கொட்ட வேண்டும். எழுந்து போய்க் கொட்டுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. கரண்டியைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டான்.

ருசி தெரியவில்லை. மென்றான்.

பட்டாணி மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அவன் தாடை அசைவதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து முழங்காலிட்டு, அவன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். கிண்ணத்தின் ஓரமாக, ஆடை படாத இடத்திலிருந்து, அரைக் கரண்டி எடுத்தாள்.

“குட்டை வாத்து குடை எடுத்துக் கடைக்குப் போச்சாம்...”

மெல்லிய குரல். மெட்டு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

“ஆ காட்டு,” என்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

“காத்தடிச்சுக் குடை பறந்து குளத்தில் விழுந்துச்சாம்... மெல்லு. முழுங்கு. ஆ.”

அலமாரிப் பக்கம் சத்தம் நின்றது. அண்ணி கையில் ஒரு சட்டையுடன் வாசலில் வந்து நின்றாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அடுத்த வரிதான் வழக்கு. வாத்து வருமா, வராதா?

“இன்னொரு குடை எடுத்து வாத்து கடைக்குப் போச்சாம்...”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குடை மறுபடி பறந்தது. மறுபடி குளம். மறுபடி ஒரு வாய். அப்புறம் சிவப்புக் குடை. அப்புறம் ஓட்டைக் குடை. பாட்டுக்கு முடிவே இல்லை, கிண்ணத்துக்குத்தான் இருந்தது. நடுவில் அவனுக்குப் புரையேறியது. பட்டாணி பதறவில்லை. முதுகில் தட்டினாள். இருமல் அடங்கும் வரை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். மோவாயில் வழிந்ததைக் கரண்டி விளிம்பால் வழித்து மறுபடி வாய்க்குள்ளேயே போட்டாள்.

கடைசி வாய். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“சமத்து,” என்றாள். பிறகு அக்காவிடம் கிண்ணத்தை நீட்டினாள். “இப்ப எனக்குப் போடு அத்தை.”

அக்கா அடுப்படிக்கு ஓடினாள். ஓடும்போது குடை தடுக்கியது.

பட்டாணி சாப்பிட்டாள். தானே எடுத்து, பாட்டில்லாமல், பசித்த பிள்ளை சாப்பிடுகிற வேகத்தில். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள்.

அண்ணி அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். சட்டை இன்னும் கையில் இருந்தது.

“ஏன் கண்ணு, உங்கம்மா இப்படித்தான் பாடுவாளா?”

பட்டாணி ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலத் தன் பெரியம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா எப்படிப் பாடுவா? அவ வாய்லதான் சாப்பாடு இருக்குமே.”